நூத்திப் பதினேழாம் நம்பர் சைக்கிள்

தேறுமா தேறாதான்னு கேக்கியளே தம்பி, எதுக்குத் தேறணும்? ஓட்டதுக்கா, விக்கதுக்கா, இல்ல வீட்டு முன்னால நிறுத்தி வச்சி அழகு பாக்கதுக்கா? அத மொதல்ல சொல்லுங்க. சரி, உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போடுங்க. ஒரு காலு ஆடும், செவுத்தோரமா போட்டா ஆடாது. கொல்லம் வண்டிக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு.

இந்த சைக்கிளப் பழைய இரும்புக் கடையில எழுநூறுக்கு எடுத்தேங்கிய. வெல குத்தமில்ல. ஃபிரேம் நேரா இருக்கு, ஃபோர்க்கு வளையல. ஆனா ரிம்மு ரெண்டும் போச்சி, மட்கார்டு போச்சி, செயின் கவர் நசுங்கிக் கெடக்கு. பெயிண்டு, நிக்கல், டயரு, சீட்டுன்னு பாத்தா ஏழாயிரத்த முழுங்கிரும். அந்த ரூவாய்க்குப் புது சைக்கிளே குடுக்கான். கணக்குப் பாக்கவன் எவனும் செய்ய மாட்டான். நான் செஞ்சேன். அதப் பாத்துட்டுத்தான நீங்களும் கேட்டிய? கடைசி வரிசையில கூரைக்கு அடியில நிக்கே, ஊதாக் கலரு, அதான். வாரவன் போறவன் எல்லாம் கேப்பான், "ஆவுடையப்பண்ணாச்சி, யாரு வண்டி, விப்பியளா?"ன்னு. விக்க மாட்டேன். ஓட்டவும் மாட்டேன். ஏன்னு ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. நீங்க அசலூரு, வண்டி வந்தா ஏறிப் போயிருவிய. அதனால சொல்லுதேன்.

பதினெட்டு வருசமா இந்த ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். காண்ட்ராக்டு வேற ஆளு, நான் சம்பளத்துக்கு. வேல ஒண்ணும் பெருசில்ல. ஒரே நம்பர்ல ரெண்டு தகரம் இருக்கும். ஒண்ண ஹேண்டில்பார்ல மாட்டுவேன், ஒண்ண ஆளு கையில குடுப்பேன். திரும்பி வரும்போது ரெண்டும் சேந்தாத்தான் சைக்கிள் வெளிய போவும். பெத்த அப்பனே வந்து எம்மவன் சைக்கிள்னு நின்னாலும் தகரம் இல்லாம தர மாட்டேன். அவ்வளவு யோக்கியன் நான். இப்ப சிரிக்காதீங்க, சிரிக்க வேண்டிய எடம் பின்னால வருது.

ஆளு வராத சைக்கிள்னு வருசத்துக்கு ரெண்டு மூணு நிக்கும். குடிச்சிட்டு எங்க விட்டோம்னு மறந்தவன், தகரத்தத் தொலைச்சிட்டுக் கேக்க பயந்தவன், இப்படி. ஆறு மாசம் பாத்துட்டு காண்ட்ராக்டர்ட்ட சொல்லணும், அவரு எடைக்குப் போட்டுருவாரு. நூத்திப் பதினேழ மட்டும் நான் சொல்லல. ஏன்னு கேட்டா, அந்த ஆளு மொகம் எனக்கு ஞாபகம் இருந்துச்சி. ஐப்பசி மாசம், அடை மழை. காலையில கொல்லம் வண்டி பிளாட்பாரத்துல வந்து நிக்கி, ஒரு ஆளு தொப்பலா நனைஞ்சி வாரான். தகரத்த வாங்கி சட்டைப் பையில போட்டுட்டு ரெண்டு எட்டு ஓடுனவன் திரும்பி நின்னு சொன்னான், "அண்ணாச்சி, வண்டி நனையாம கூரைக்குள்ள விட்டுருங்க, நாலு நாள்ல வந்துருவேன்." சரி சரின்னேன், அவன் ஓடி ரயிலேறுனதையும் பாத்தேன். சைக்கிளக் கூரைக்குள்ள விட்டேனா? விடல. கூரைக்குள்ள மாசப் பாஸ்காரங்க வண்டி. வெளியதான் விட்டேன். ரெண்டு வருசம் வெயில்லயும் மழையிலயும் நின்னுச்சி. அந்தத் துரு பூராவும் நான் ஏத்துன துருதான்.

எம்மவளுக்குக் காலேஜுல எடம் கெடச்சிச்சி. இந்துஜான்னு பேரு, ஒத்த மக. கூடப் படிக்க பிள்ளைங்க எல்லாம் ஸ்கூட்டில போகுதுன்னா. ஸ்கூட்டிக்கு நான் எங்க போவேன்? அப்பதான் இந்த சைக்கிள் மேல கண்ணு விழுந்துச்சி. எப்படியும் எடைக்குப் போறதுதான, அத நாம காப்பாத்துவோமேன்னு நெனச்சேன். ஆமா, காப்பாத்துவோம்னுதான் நெனச்சேன். அந்த வார்த்தையே எனக்கு நல்லா இருந்துச்சி.

மேலத்தெருவுல ஜெபமணின்னு ஒருத்தன், சைக்கிளுக்கு உசுரு குடுக்கவன். அவன் கடைக்கு, பூட்டுன பின்சக்கரத்தத் தூக்கிப் பிடிச்சி உருட்டிக்கிட்டுப் போனேன். ஹேண்டில்பார் ரெண்டு பக்கமும் பச்ச வயர வச்சிப் பின்னல் போட்டிருந்துச்சி, கூடை பின்னுவாவள்லா, அந்த வயரு. சீட்டுக்கு நூல்ல பின்னுன உறை, ஓரத்துல குஞ்சம். ஜெபமணி அதத் தொட்டுப் பாத்துட்டுச் சொன்னான், "அண்ணாச்சி, யாரோ பொம்பள உக்காந்து பொறுமையாப் பின்னியிருக்கு. இத மட்டும் வச்சிக்கிடுவமா?" பிச்சிப் போடுலேன்னேன். செயின் கவர்ல மஞ்சப் பெயிண்டுல பேரு எழுதியிருந்துச்சி. லிங்கத்துரை, சாலைக்குளம். பேரும் இருக்கு, ஊரும் இருக்கு. சாலைக்குளம் இங்கருந்து பத்து மைலு. ஒரு தபால் கார்டு போட்டிருந்தாப் போதும், தம்பி. ஒரே ஒரு கார்டு. நான் அத வாய்விட்டு வாசிச்சேன். வாசிச்சிட்டு, "இதையும் சொரண்டிரு"ன்னேன்.

மாத்தாம விட்டது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ஃபிரேம். இன்னொண்ணு பின்சக்கரப் பூட்டு. பித்தளையில அந்தக் காலத்துப் பூட்டு, இப்ப உள்ள தகரப் பூட்டுல்லாம் கிட்ட வர முடியாது. பூட்டியே இருந்ததால சாவி போடுறவனக் கூட்டிட்டு வந்து ஒரு சாவி செஞ்சிக்கிட்டோம். நிக்கல் ஏத்துனதுல கண்ணாடி மாதிரி ஆயிருச்சி.

ஒரு மாசம். டீக்குடிக்க வச்சிருந்த காசு, மருந்துக்கு வச்சிருந்த காசு எல்லாம் அதுலதான். எம்பொண்டாட்டி கேட்டா, "புதுசே வாங்கியிருக்கலாமே, கோட்டியா பிடிச்சிருக்கு ஒமக்கு?" அவளுக்கு என்ன தெரியும்? தெனமும் சாயங்காலம் அங்க போயி நின்னு, ஒரு ஸ்போக்கு ஏறுறதப் பாத்துட்டு வருவேன். வாழ்க்கையில என் கையால ஒண்ணு அழகானது அதுதான். வெளிய வந்தன்னைக்கு ஸ்டாண்டுல எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாவ. காண்ட்ராக்டரே வந்து பெல்ல அடிச்சிப் பாத்தாரு. அது அவரு ஸ்டாண்டுலயே கெடந்த வண்டின்னு அவருக்கு அடையாளம் தெரியல. எனக்கு எவ்வளவு பெருமைங்கிய!

இருங்க தம்பி, இந்த டீச்சருக்கு வண்டிய எடுத்துக் குடுத்துட்டு வாரேன். ...வாங்க டீச்சர், அறுபத்தி நாலா? சேந்துச்சி, எடுத்துக்கிடுங்க.

எங்க விட்டேன்? ஆவணி மாசம். இந்துஜாவுக்கு அன்னைக்கு லீவு, சைக்கிள நான் கொண்டு வந்து இந்தா இந்த ரூம்பு வாசல்ல சாச்சி வச்சிருந்தேன். பத்து மணி இருக்கும், ஒரு பொம்பள வந்தா. நாப்பது வயசுக்குள்ள. பஸ்ஸுல வந்து எறங்கி வெயில்ல நடந்து வந்திருக்கா. நிக்க முடியாம அந்த சைக்கிள் சீட்டுல கைய ஊனிக்கிட்டு நின்னா. ஆமா, அதே சைக்கிள்லதான்.

"அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு முன்னால ஐப்பசியில ஒரு சைக்கிள் இங்க விட்டாவளா? பச்ச வயர் சுத்தியிருக்கும். சீட்டுக்கு நூல் உறை போட்டிருக்கும். செயின் கவர்ல லிங்கத்துரைன்னு எழுதியிருக்கும். பூட்டித்தான் இருக்கும், இந்தா, மாத்துச் சாவி கொண்டாந்திருக்கேன், போட்டுப் பாத்துக்கிடுதேன்."

சாவிய நீட்டுதா. வலது கையில சாவி. எடது கை சீட்டு மேல. சீட்டுக்கும் பூட்டுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும், ஒரு மொழம் இருக்குமா?

"அப்படி ஒரு சைக்கிளும் நிக்கலம்மா."

யோசிக்கவே இல்ல தம்பி. அவ கேட்டு முடிக்கல, நான் சொல்லி முடிச்சிட்டேன். உள்ள கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்னு எந்திரிச்சி, வரிசை வரிசையா காட்டவும் செஞ்சேன், பாத்துக்கிடுங்க. நல்லாப் பாரும்மா, இதுல உண்டா, அதுல உண்டான்னு கேட்டுக்கிட்டே போறேன். அவ ஒவ்வொரு சைக்கிளையும் தொட்டுத் தொட்டுப் பாக்கா. திரும்பி வந்து இந்த வாசல்ல நின்னு, தண்ணி கேட்டா. குடுத்தேன்.

தண்ணியக் குடிச்ச பொறவுதான் விசயத்தச் சொன்னா. அதுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்னு ரொம்ப நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பேரு வடிவாம். பீடி சுத்துதா. அவன் சைக்கிள் விட்டதுக்கு முந்தின நாள் ராத்திரி புருசன் பொண்டாட்டிக்குள்ள சண்ட. "நான்தான் அண்ணாச்சி வாய விட்டுட்டேன். எங்கயாவது போயித் தொலையும்னேன். விடியக்காலம் எந்திரிச்சிப் பாத்தா ஆளும் இல்ல, சைக்கிளும் இல்ல." ஊருல பெரிய குளம் அன்னைக்குத்தான் ஒடைப்பெடுத்து ஓடுது. ஆளு சைக்கிளோட வெள்ளத்துல போயிட்டான்னு ஊரு பூராவும் பேச்சு. ரெண்டு வருசமாச்சி, தகவல் இல்ல, காயிதம் இல்ல. புருசனோட அண்ணன் சொல்லிட்டாராம், ஆவி அலையக் கூடாது, போட்டோவ வச்சிக் காரியத்தப் பண்ணிருவோம்னு. இவ ஒத்துக்கிடல. ஸ்டேஷன் ரோட்டுல அன்னைக்கு அவனப் பாத்த மாதிரி இருந்துச்சின்னு யாரோ இப்பதான் சொல்லியிருக்காவ. அதப் பிடிச்சிக்கிட்டு ஒரு வாரம் தவணை கேட்டிருக்கா.

"சைக்கிள் இங்க நின்னா அவிய ரயிலேறிட்டாவன்னு அர்த்தம். உசுரோட இருக்காவ. நிக்கலைன்னா நான் ஒத்துக்கிடுதேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், அண்ணாச்சி."

அப்பவாவது சொல்லலாம்லா? அவ நிக்கா, சைக்கிள் நிக்கி, சாவி கையில இருக்கு. சொல்லல. சொன்ன பொய்ய அஞ்சு நிமிசத்துல எப்படி மாத்த? காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா வேல போயிரும், போலீசு கீலீசுன்னு வந்துட்டா மக பேரு கெடும், இப்படித்தான் அன்னைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உங்கள்ட்ட மறைக்க என்ன இருக்கு? வேல போயிருமேன்னு இல்ல தம்பி. சைக்கிள் போயிருமேன்னுதான். அவ்வளவுதான் விசயம். ஒரு பொம்பள தாலி இருக்கணுமா வேண்டாமான்னு நிக்கா, நான் ஒரு பழைய சைக்கிள நெனச்சிக்கிட்டு நிக்கேன். தூ! என்ன மனுசன் நான்!

"வேற ஸ்டேஷன்ல கேட்டுப் பாரும்மா"ன்னு வேற சொன்னேன். அவ தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. போகும்போது சைக்கிளப் பாத்து, "நல்லா இருக்கு அண்ணாச்சி"ன்னுட்டுப் போனா.

பத்து நாள் கழிச்சி காலையில வந்து கதவத் தெறக்கேன், எதுத்த செவுத்துல போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. லிங்கத்துரைன்னு கொட்ட எழுத்துல போட்டு, வெள்ள வேட்டி சட்டையில அவன் படம். வெள்ளிக் கிழமை காரியம்னு தேதி போட்டிருக்கு. நான் உக்காருற நாக்காலிக்கு நேரா. அவன் என்னையே பாக்கான். "நனையாம கூரைக்குள்ள விட்டுருங்க அண்ணாச்சி"ங்கான். சாகப் போறவன் சைக்கிள் நனையக் கூடாதுன்னு சொல்லுவானா? நாலு நாள்ல வந்துருவேன்னு சொல்லுவானா? அவன் சாகல, கோவத்துல போனவன்னு இந்த ஒலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நான். அன்னைக்குச் செவ்வாக் கிழமை. நடுவுல ரெண்டு நாள் முழுசாக் கெடந்துச்சி. பஸ்ஸேறுனா ஒரு மணி நேரம். நான் போகல. போஸ்டரக் கிழிக்கப் போனேன். அதுவும் முடியல, நல்லா பசை போட்டு ஒட்டியிருந்தான்.

வெள்ளிக் கிழமை முடிஞ்சி, மறு வாரம்தான் போனேன். ஏன் போனேன்னா, சோறு எறங்கல. வேற பெரிய ஞானம் ஒண்ணும் வந்துரல. லீவு போட்டுட்டு அந்த சைக்கிள்லயே போனேன். பத்து மைலும் மிதிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, பறக்கும் வண்டி. நடுவுல ஒரு எடத்துல அதையும் மறந்து சந்தோசமா மிதிச்சிருக்கேன், தம்பி. அத நெனச்சா இப்பவும் கூசுது.

வடிவு வீட்டு வாசல்ல எலையும் தூளுமா சொளக மடியில வச்சி பீடி சுத்திக்கிட்டு இருந்தா. நெத்தியில ஒண்ணும் இல்ல. கழுத்துல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு ஸ்டாண்டுக்கு வரும்போது மஞ்சக்கயிறு வேர்வையில கழுத்தோட ஒட்டிக் கெடந்தத நான் பாத்திருக்கேன். சைக்கிள நிறுத்தி, பூட்டிட்டு, நின்ன எடத்துலருந்தே சொல்லிட்டேன். "அம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யி. சைக்கிள் ஸ்டாண்டுலதான் இருந்துச்சி. இதுதான் அது. நான்தான் மாத்திட்டேன். அவரு ரயிலேறிப் போனத என் கண்ணால பாத்தேன். நாலு நாள்ல வந்துருவேன்னாரு."

அவ எந்திரிக்கல. சுத்திக்கிட்டு இருந்த பீடிக்கு நூலு கட்டி முடிச்சா. சொளகக் கீழ வச்சா. உள்ள போனா. வரும்போது கையில அந்த மாத்துச் சாவி. அப்பதான் கவனிச்சேன், சாவி வளையத்துல பச்ச வயர்ல ஒரு சின்னப் பின்னல்.

குனிஞ்சி பூட்டுல சாவியப் போட்டா. திருப்புனா. டக்குன்னு தெறந்துச்சி. திரும்பப் பூட்டுனா. திரும்பத் தெறந்தா. டக். அந்தச் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். குனிஞ்ச தல நிமிரவே இல்ல. முதுகு மட்டும் ஏறி ஏறி எறங்குது.

பக்கத்து வீட்டுலருந்து ஆம்பளக் குரலு, "யாரு வடிவு அங்க?" புருசனோட அண்ணன்.

"யாரோ சைக்கிள் காட்ட வந்திருக்காவ அத்தான். நம்ம சைக்கிளான்னு கேட்டாவ. நம்மது இல்ல. சாவி சேரல."

நான் அவ மொகத்தப் பாக்கேன். அவ என்னப் பாக்கா. மெதுவாத்தான் பேசுனா, திட்டக்கூட இல்ல. "வளையல ஒடைச்சாச்சி. தாலிய அறுத்துப் பால்ல போட்டாச்சி. ஊரே வந்து பாத்துட்டுப் போயிருச்சி. இனிமே அவிய உசுரோட இருக்காவன்னு நான் எந்த வாயால சொல்ல? அப்படியே அவிய வந்தாலும் என்னத்தக் கட்டிக்கிட்டு முன்னால நிக்க? அன்னைக்கு இல்லன்னு சொன்னியள்லா அண்ணாச்சி. இல்லன்னே இருக்கட்டும். எடுத்துட்டுப் போங்க."

அம்மா, மன்னிச்சிருன்னேன். அவ சொளக எடுத்து மடியில வச்சிக்கிட்டா. தண்ணி வேணுமான்னு மட்டும் கேட்டா. எனக்கு அந்த எடத்துலயே மண்ணு பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சி.

இன்னொண்ணும் சொல்லணும், சொன்னாத்தான் சரியா இருக்கும். அவ இல்லன்னு சொன்ன ஒடனே எனக்கு ஒரு நிம்மதி வந்துச்சி. அப்பாடான்னு இருந்துச்சி. அவ அழுகாத அழுகைய அழுதுக்கிட்டு நிக்கா, எனக்கு அப்பாடான்னு இருக்கு. அதத்தான் தம்பி என்னால தாங்க முடியல, மத்தது எல்லாத்தையும் விட.

உருட்டிக்கிட்டே வந்தேன். பத்து மைலும் ஏறி உக்காரல. பாதி தூரத்துலதான் பாத்தேன், சாவி பூட்டுலயே இருக்கு. அவ எடுக்கல. அந்தப் பச்சப் பின்னல் தொங்கிக்கிட்டே வருது. இந்துஜாவ அடுத்த நாள்ல இருந்து பஸ்ஸுல போகச் சொல்லிட்டேன். ஏம்ப்பா, என்னப்பான்னு கேக்கா. பிரேக் சரியில்லட்டின்னேன். அதுவும் பொய்யிதான்.

இப்ப சொல்லுங்க. உங்க சைக்கிள் தேறுமா? தேறும் தம்பி. திரும்பி வரும்போது ஜெபமணிட்ட குடுங்க, புதுசாக்கித் தந்துருவான், அவன் கையில ஒரு கொறையும் இல்ல. ஆனா சொரண்டுறதுக்கு முன்னால அந்த செயின் கவர ஒருக்க துணிய வச்சித் தொடைச்சிப் பாருங்க. பேரு எதாவது இருந்தா எடுத்த கடையில போயிக் கேளுங்க, யாரு கொண்டு வந்து போட்டான்னு.

அந்தா மணி அடிச்சிட்டான். உங்க வண்டிதான். பைய எடுத்துக்கிடுங்க. இல்ல, நான் எந்திரிச்சது உங்களுக்காக இல்ல. கொல்லத்துல இருந்து வார வண்டியும் இப்பதான் எதுத்த பிளாட்பாரத்துல வரும், தெனமும் அதுக்கு எந்திரிச்சி நிப்பேன். இந்த ஆணியில பாருங்க, நூத்திப் பதினாறுக்குப் பொறவு நூத்திப் பதினெட்டு. நடுவுல உள்ள தகரம் ஒண்ணு அந்தா ஊதா சைக்கிள்ல மாட்டியிருக்கேன். இப்ப கூரைக்குள்ளதான் நிக்கி, ஒரு சொட்டு நனையாது. இன்னொண்ணு அவன் சட்டைப் பையில. என்னைக்காவது எறங்கி வந்து அந்தத் தகரத்த என் முன்னால நீட்டுனான்னா, சைக்கிள எடுத்துக் குடுத்துருவேன். புதுசாவே இருக்குப்பான்னு சொல்லுவேன். "அப்ப வீட்டுக்குக் கெளம்புதேன் அண்ணாச்சி"ன்னு அவன் பெடல்ல கால வைப்பாம்லா, அப்ப என்ன சொல்ல?